தருமாறு கேட்டுக்கொள்கிறேன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

ஒரு கை நீளுகிறது. மற்றொரு கை ஏந்துகிறது. இடையில் ஒரு பொருள் இடம் மாறுகிறது. இயற்பியல் படிக்கும் எனக்கு இதில் இடப்பெயர்ச்சி ஒன்றுதான் கண்ணில் பட வேண்டும். பொருளின் நிறை மாறவில்லை. கடந்த தூரமும் ஒரு முழத்திற்கு மேல் இல்லை. ஆயினும் இந்த ஒரு முழத்திற்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள்! ஈதல், தருதல், கொடுத்தல், அளித்தல், வழங்குதல், நல்குதல், போடுதல், அளத்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதைக் கொண்டே அந்த இரண்டு கைகளில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

சொல்லாராய்ச்சி தமிழ்த்துறையினர்க்கு உரியதாயிற்றே, அறிவியல் மாணவிக்கு இங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. காளையார்கோவிலில் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத் தேடி வருகிறார்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு மனு எழுதத் தெரியாமல் இருக்குமா என்பது அவர்கள் நம்பிக்கை. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், குடும்ப அட்டையில் பேரன் பெயர் சேர்த்தல் என்று வாரம் ஒன்றாவது வந்துவிடும். திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஞாயிறு இரவே மனு தயாராக வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எளிது. நடுவில் உள்ள செய்தியும் எளிது. அவர்கள் சொல்வதை வரிசைப்படுத்தினால் போதும். கடைசி வரிதான் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ‘வழங்கிட வேண்டுமாய்’ என்பதா, ‘தந்தருள’ என்பதா, ‘கொடுக்குமாறு’ என்பதா? அகராதியைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மனுவைப் படித்துக் காட்டும்போது கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டியின் முகத்தைப் பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல.

தொல்காப்பியர் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர். சொல்லதிகாரத்தின் எச்சவியலில், ஒரு பொருளைக் கேட்டுப் பெறும்போது ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் எதை யார் சொல்லுவது என்று வரையறை செய்கிறார். கேட்பவன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்பான். ஒத்தவனாயின் ‘தா’ என்பான். உயர்ந்தவனாயின் ‘கொடு’ என்பான். பல நூற்றாண்டுகள் கழித்து நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இதையே மீண்டும் சொல்கிறார். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் பலர். தேர்வு முடிந்ததும் மறந்தும் போனோம். ஆனால் இது தேர்வுக்கான செய்தி மட்டும் அன்று. வாயைத் திறந்து ஒரு பொருளைக் கேட்ட மாத்திரத்தில் கேட்டவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் ஓர் ஏற்பாடு இது. இன்றைய அடையாள அட்டைகூட இவ்வளவு விரைவாகச் சொல்லாது!

‘ஈ’ என்று கேட்பதில் எத்தனை கூச்சம் இருந்தது என்பதற்குப் புறநானூற்றில் சான்று உண்டு. வல்வில் ஓரியைப் பாடிய கழைதின் யானையார், ‘ஈ’ என்று இரப்பதை இழிவு என்கிறார். இல்லை என்று மறுப்பதை அதனினும் இழிவு என்கிறார். இரந்து வாழ்ந்த புலவர் ஒருவர், தாம் சொல்லியே ஆக வேண்டிய சொல் தம்மைத் தாழ்த்துகிறது என்று அறிந்தே பாடியிருக்கிறார். இதைத் தமிழாசிரியர் வகுப்பில் நடத்தியபோது எனக்கு ஓரியின் பெருமையைவிட அந்தப் புலவரின் தொண்டை அடைத்துக்கொண்டதுதான் மனத்தில் நின்றது.

இதற்கு உடன் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விதியும் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அது கிளவியாக்கத்தில் வருகிறது. தருதல், வருதல் என்னும் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. கொடுத்தல், செல்லுதல் என்னும் இரண்டும் படர்க்கைக்கு உரியன என்பது அதன் கருத்து. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான் என்றே சொல்ல வேண்டும். இங்கே உயர்வு தாழ்வு இல்லை. பொருள் எந்தப் பக்கம் நகருகிறது என்பதே கணக்கு. பேசுவோர் இருவரும் நிற்கும் வட்டத்திற்குள் வந்தால் தருதல்; வட்டத்தை விட்டு வெளியே போனால் கொடுத்தல். எங்கள் துறையில் திசையோடு கூடிய அளவு என்று ஒன்று படிக்கிறோமே, அதைப் போன்ற சொற்கள் இவை.

இப்போது இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். ‘கொடு’ என்பது படர்க்கைக்கு உரிய சொல் என்றால், உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது அதை எப்படிச் சொல்லலாம்? இந்த ஐயத்துக்குத் தொல்காப்பியரே விடையும் தருகிறார். உயர்ந்தவன் தன்னையே வேறொருவன் போல வைத்துப் பேசுகிறானாம்! ‘எனக்கு’ என்று நேரே கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. யாரோ ஒருவனுக்குக் கேட்பதுபோலத் தனக்குக் கேட்கிறான். தாழ்ந்தவனுக்கு மட்டுந்தான் கேட்பதில் கூச்சம் என்று நினைத்திருந்தோம். உயர்ந்தவனுக்கும் இருந்திருக்கிறது, அவனுக்கு அதை மறைக்க ஒரு சொல் கிடைத்தது, அவ்வளவே.

இந்த மூன்று சொற்களுக்கும் பின்னால் நேர்ந்த கதி என்ன? ‘ஈ’ பேச்சில் செத்துவிட்டது. ‘ஈகை’ என்று மேடையிலும், பண்டிகைப் பெயரிலும், பரிசளிப்பு விழாவில் அச்சடிக்கும் வாழ்த்து மடல்களிலும் உயிர் வாழ்கிறது. உயர்ந்தோன் சொல்லாக இருந்த ‘கொடு’ இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. குழந்தை ‘மிட்டாய் குடு’ என்கிறது. நடத்துநர் ‘சில்லறை குடும்மா’ என்கிறார். கடைக்காரரிடம் நாமும் ‘ஒரு சோப்புக் குடுங்க’ என்கிறோம். விதி உடைந்ததே என்று இலக்கண ஆசிரியர்கள் வருந்தலாம். நான் வருந்தவில்லை. மேலே இருந்தவன் மட்டும் சொல்லத்தக்க சொல்லை மேலே கீழே எல்லோரும் சொல்லத் தொடங்கியதைவிட நல்ல வழு வேறு என்ன இருக்க முடியும்!

திசை காட்டும் விதி போனதில் மட்டும் எனக்குச் சிறிது வருத்தம். நாம் ‘எனக்குக் கொடு’ என்று தயங்காமல் சொல்கிறோம். மலையாளத்தில் அது இன்றும் நடவாது. ‘எனிக்கு தந்நு’ என்பார்கள். ‘அவனு கொடுத்து’ என்பார்கள். கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பிய எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே போய் முதல் மாதம் இதைத் தப்பாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளானதைச் சொல்லுவார்கள். தொல்காப்பியத்தின் விதி ஒன்று தொடுபுழை தேநீர்க் கடையில் நாள்தோறும் நடைமுறையில் இருக்கிறது என்பது வேடிக்கைதான்.

கடல் கடந்தும் இப்படி உண்டு. ஜப்பானிய மொழியில் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. பிறர் எனக்குத் தந்தால் ‘குரெரு’. தந்தவர் பெரியவராயின் ‘குதசாரு’. நாய்க்கும் செடிக்கும் கொடுப்பதற்கு ‘யாரு’ என்று தாழ்ந்த சொல் தனியே உண்டு. ஆனால் இப்போது அங்கே பலர் செடிக்கு நீர் விடுவதையும் ‘அகெரு’ என்றே சொல்லுகிறார்கள். செடிக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று மூத்தவர்கள் கடிந்துகொள்கிறார்கள். படிக்கட்டு தேய்வது நம் ஊரில் மட்டும் இல்லை போலும். ஸ்பானிய மொழியில் கொடுப்பதற்குப் பொதுவாக ‘தார்’ என்னும் ஒரே வினைதான். நம் ‘தருதல்’ போல ஒலிக்கிறதே என்று உடனே உறவு கொண்டாடக் கூடாது. அது லத்தீனத்திலிருந்து வந்தது. அவர்கள் திசை பார்ப்பது கொண்டுவருவதிலும் கொண்டுபோவதிலும். இங்கே கொண்டுவந்தால் ‘திராயெர்’, அங்கே கொண்டுபோனால் ‘யெவார்’. மாற்றிச் சொன்னால் அயலான் என்று தெரிந்துவிடும்.

போகட்டும். படிக்கட்டு தேய்ந்தது என்று நான் மகிழ்ந்தேனே, அது முழு உண்மை அன்று. வாசல் வழியாகப் போன உயர்வு தாழ்வு கொல்லை வழியாக உள்ளே வந்து நடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. முன்பு கேட்பவன் சொல்லில் இருந்தது. இப்போது கொடுப்பவன் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லின் பெயர் ‘வழங்கு’.

‘வழங்கு’ என்பது தன்னளவில் நல்ல சொல். ஓரிடத்தில் நில்லாமல் உலவுதல், நடமாடுதல், நடைமுறையில் இருத்தல் என்பனவும் அதன் பொருள்கள். வழக்கு, வழக்கம் எல்லாம் அதனோடு பிறந்தவை. நாணயம் வழங்குகிறது, கதை வழங்குகிறது என்கிறோம். ‘வட்ட வழங்கல் அலுவலகம்’ என்று பெயர்ப் பலகையில் படிக்கிறோமே, அங்கே அதற்குப் பொருள்கள் மக்களிடையே சென்று சேரும்படி செய்தல் என்பதே கருத்து. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் செய்தித்தாளைப் பிரியுங்கள். ‘நலத்திட்ட உதவிகளை வழங்கினார்’. ‘120 பயனாளிகளுக்கு வழங்கினார்’. நிழற்படத்தில் ஒரு கை மேலேயும் பல கைகள் கீழேயும் இருக்கும். மேலே இருக்கும் கைக்குப் பெயர் உண்டு. கீழே இருப்பவர்களுக்கு எண்ணிக்கை மட்டும் உண்டு.

ஈந்தான், வழங்கினான் என்பன தகுந்த இடங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. பிரான்மலைக்குப் போனால் அதுதான் பாரியின் பறம்பு என்பார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. அந்தத் தேர் அவனுடையது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அந்த நிலமும் பணமும் அவருடையவை. தன்னுடையதை எடுத்து, தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமல் தருகிறவனுக்குத் தமிழ் தன் உயர்ந்த வினைச்சொல்லை எடுத்துக் கொடுக்கலாம். பொதுமக்கள் வரிப்பணத்தில் வாங்கிய ஒன்றை, சட்டப்படி அதற்கு உரியவரிடம் சேர்ப்பிக்கும் கைக்கு அதே சொல்லைக் கொடுப்பது என்ன கணக்கு? தபால்காரர் நமக்கு வந்த மணியார்டரை ‘வழங்கினார்’ என்று யாராவது எழுதுகிறோமா?

இது வெறும் மரியாதைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2005ஆம் ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றது. அது கேட்பவரின் உரிமையாக எழுதப்பட்ட சட்டம். எங்கள் பக்கத்தில் கண்மாயில் மண் வெட்டியவர்களுக்கு அப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது. ‘வேலை குடுக்கிறாங்க; குடுக்கிறப்போ போறோம்’ என்பார்கள். வழங்கப்படுவதற்குத் தவணை கேட்க முடியாதல்லவா? அதே 2005இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம். ‘தகவல் வழங்கும் சட்டம்’ என்று பெயர் வைத்திருந்தால் 30 நாளில் பதில் எங்கே என்று கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வந்திருக்கும்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. அரிசியும் அன்று முதல் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைதான்.

அரசுக்கும் இந்த உறுத்தல் இல்லாமல் இல்லை. 2011க்குப் பிறகு தமிழக அரசு ‘இலவச’ என்பதை விட்டு ‘விலையில்லா’ என்று எழுதத் தொடங்கியது. விலையில்லா அரிசி, விலையில்லா மிதிவண்டி, விலையில்லா மடிக்கணினி என்றார்கள். பெறுபவர் மனம் நோகக் கூடாது என்னும் எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் அடைமொழியை மாற்றியவர்கள் வினைச்சொல்லைத் தொடவில்லை. விலையில்லா மிதிவண்டியும் ‘வழங்கப்பட்டது’. வாக்கியத்தின் கனம் வினையில்தான் இருக்கிறது. பெயருக்கு எத்தனை பூச்சூட்டினால் என்ன!

இந்த வகையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் என்றே நினைக்கிறேன். எங்கள் வட்டாரத்துப் பேச்சில் கொடுத்தலுக்கு உள்ள சொற்களைக் கவனித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிச்சை போடுகிறார்கள்; மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார்கள். (ஓட்டையும் போடத்தான் செய்கிறோம். ஆனால் ஓட்டுக்கு வரும் பணத்தைக் ‘கொடுக்கிறார்கள்’. அதை யாரும் ‘வழங்கினார்’ என்று அச்சிடுவதில்லை.) கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம், மொய் செய்கிறோம், திரும்பி வர வேண்டியது என்பதால் நோட்டில் ஏறுகிறது, அதுவே வினையாகவும் ஆகிவிட்டது. செட்டிநாட்டார் தம் வட்டித் தொழிலுக்குக் ‘கொடுக்கல் வாங்கல்’ என்றே பெயர் வைத்தனர். பெயரிலேயே இரண்டு பக்கமும் நேராகிவிட்டது. பெண் கொடுத்தல், பெண் எடுத்தல் என்று ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது. கொடுக்கப்படும் பொருளின் கருத்தை யாரும் கேட்பதில்லை. அதைத் தொட்டால் இந்தக் கட்டுரை முடியாது. அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

களத்துமேட்டில் கூலியை ‘அளந்தார்கள்’. ஜமீன் நாளில் தச்சர், கொல்லர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் ஆகியோருக்கு விளைச்சலிலிருந்து அளந்த பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயர். ‘உரிமைப் பங்கு’ என்று பொருள். 1947க்கு முன்பே அந்தச் சொல் நம் களங்களில் நெல்லோடு நெல்லாகக் கிடந்திருக்கிறது. அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மரக்கால் யார் கையில் இருந்தது, யார் களத்துக்கு வெளியே நின்று துண்டை ஏந்தினார்கள் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல் நேராக இருந்தால் எல்லாம் நேராகிவிடும் என்பதற்கு இல்லை. என்றாலும், குறைத்து அளந்தபோது ‘சுதந்திரத்தைக் குறைக்கிறாயே’ என்று முணுமுணுக்கவாவது ஒரு சொல் இருந்தது.

இன்று அதே வீட்டுப் பெண்கள் ரேஷன் கடைக்குப் புறப்படும்போது என்ன சொல்கிறார்கள்? ‘அரிசி வாங்கப் போறேன்’ என்கிறார்கள். மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதும் வாங்குவதுதான். ரேஷன் கடையில் அட்டையைக் காட்டிப் பெறுவதும் வாங்குவதுதான். சம்பளமும் வாங்குவது, பென்ஷனும் வாங்குவது, மகள் பட்டமும் வாங்குவது. அரசு ஊழியர் பெற்றால் ஓய்வூதியம், கூலிக்காரர் பெற்றால் உதவித்தொகை என்று தாளில் பிரித்து எழுதுகிறோமே, தெருவில் இரண்டுக்கும் ‘பென்ஷன்’ என்று ஒரே பெயர். ‘எனக்கு அரசு வழங்கியது’ என்று எங்கள் தெருவில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை அவர்கள் வாயில் திணிப்பது மனு எழுதுகிற நாம்தான்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மனுவின் கடைசி வரியில் ‘தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுகிறேன். தொல்காப்பியரின் இரண்டு விதிகளுக்கும் அது பொருந்துகிறது. கேட்பது தன்மையில், எனக்கு என்று, ஆகவே தா. கேட்பவர் குடிமகன், கேட்கப்படுபவர் குடிமக்களுக்காக ஊதியம் பெறும் அலுவலர். இருவரும் ஒத்தவர், ஆகவே தா.

பணிவு வேண்டாமா என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். வேண்டும். தமிழில் பணிவு வைக்க ‘ஐயா’ இருக்கிறது, ‘தாங்கள்’ இருக்கிறது, வினையின் வாலில் ‘உங்கள்’ என்று பன்மை இருக்கிறது. தாருங்கள் என்பதில் மரியாதைக்குக் குறைவில்லை. பணிவை விகுதியில் வைத்துக்கொள்வோம். வினையின் வேரிலேயே வளைந்து நிற்க வேண்டியதில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார்: ‘வழங்கிட’ என்று எழுதினால்தான் காரியம் நடக்கும், நீ எழுதும் வீம்புக்குப் பாட்டியின் மனு கிடப்பில் கிடந்தால் என்ன செய்வாய் என்று. இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. மனு என்னுடையது அல்ல. பசி என்னுடையது அல்ல. ஆகவே எழுதுமுன் இரண்டு வரிகளையும் படித்துக் காட்டி, எது வேண்டும் என்று மனுதாரரையே கேட்டுவிடுகிறேன். சிலர் ‘அருள்கூர்ந்து’ என்பதையும் சேர்த்துக்கொள் என்கிறார்கள், சேர்க்கிறேன். பெரும்பாலோர் ‘தருமாறு’ என்பதே போதும் என்கிறார்கள். ‘தருமாறு’ என்று எழுதிப் போனவை ‘வழங்கிட’ என்று போனவற்றைவிடத் தாமதமானதாக இதுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் நகர்கின்றன.

தமிழ்த்துறை ஆசிரியர்கள் இதற்கு மறுப்பு எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன். அதுவரை நண்பர்களுக்கு ஒரு சிறு வேலை. இம்மலரின் பின்பகுதியில் ஆண்டு விழா அறிக்கையும் விளையாட்டு விழா அறிக்கையும் இருக்கும். ஓட்டத்தில் முதலில் வந்தவள் ஓடி வென்ற கோப்பையும் அங்கே யாராலோ ‘வழங்கப்பட்டிருக்கும்’. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு எத்தனை ‘வழங்கினார்’, எத்தனை ‘பெற்றார்’ என்று எண்ணிப் பாருங்கள்.